சொஃப்ட்போலுக்கு ஒன்பதாவது ஆள்

சம்பளமில்லாத உத்தியோகங்களில் மிகவும் பொல்லாதது பெண்பிள்ளைகளின் சொஃப்ட்போல் அணிக்கு மனேஜராக இருப்பதுதான். கோச்சுக்கு மரியாதை உண்டு, நடுவருக்கு அதிகாரம் உண்டு. மனேஜருக்கு வாய்ப்பது தண்ணீர்க் கலனும், ஒற்றைச் சப்பாத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும் பிள்ளையும், "என் மகளை ஏன் கடைசியில் அடிக்க விட்டீர்கள்?" என்று கேட்கும் தாய்மாரும்தான். சனிக்கிழமை காலைகளில் பிள்ளைக்குப் பின்னால் மைதானம் மைதானமாக அலைந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே வாருங்கள். நானும் உங்கள் சாதிதான்.

வேலிக்கு மேலால் வந்த உத்தியோகம்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து மெரிலேண்ட்ஸில் குடியிருந்தோம். இவருக்கு எஞ்சினியர் வேலை. எங்களுக்கு ஒரே மகள், சுகந்தி, பதினொரு வயது. ஊரில் அவள் வாய் ஓயாது. இங்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. முதலில் பள்ளியில் பேசாமல் இருந்தாள், பிறகு வீட்டிலும் "ஓம்", "இல்லை" என்ற இரண்டு சொற்களோடு காலத்தை ஓட்டினாள். அவளுடைய ஆசிரியை என்னிடம், "தங்கமான பிள்ளை, வகுப்பில் இருக்கிறாள் என்பதே தெரியாது" என்று பாராட்டினார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

பக்கத்து வீட்டு பெரில் பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்பவள். அந்த வட்டாரத்துப் பெண்பிள்ளைகளின் சொஃப்ட்போல் அணிக்குக் கோச்சும் அவள்தான். ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு மேலால் தலையை நீட்டி, ஒரு பிள்ளை வீடு மாறிப் போய்விட்டதால் எட்டுப் பேர்தான் மிச்சம், ஒன்பது பேர் இல்லாவிட்டால் விளையாடாமலே தோற்றதாகக் கணக்கு என்றாள். சுகந்திக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன். "இரண்டு கை, இரண்டு கால் இருக்கிறதல்லவா, அது போதும். நீ மனேஜர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்படித்தான் எனக்கு நியமனம் கிடைத்தது.

இனி இவரிடம் அல்லவா கேட்க வேண்டும்? காற்சட்டை போட்டுக்கொண்டு வெட்டவெளியில் ஓடுவதா என்று முகத்தைச் சுளித்தார். பிள்ளைக்கு ஒரு சிநேகிதிகூட இல்லையே என்று நான் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சரி, வயசுக்கு வந்து பெரியபிள்ளை ஆகும் மட்டும் விளையாடட்டும். அதுக்குப் பிறகு இந்தக் கதையே இருக்கக்கூடாது."

மட்டையோடு ஓட்டம்

அனுமதி கொடுத்த கையோடு இவர் பயிற்சியையும் கையில் எடுத்துக்கொண்டார். கல்லூரியில் கிரிக்கெட் ஆடிய மனிதர். வீட்டுப் பின்வளவில் பிள்ளையை நிறுத்தி, முழங்கையை உயர்த்து, மட்டையை நேராகப் பிடி, பந்தை நிலத்தோடு அடி என்று பின்னேரம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். சொஃப்ட்போல் பேஸ்போலின் தங்கை, வேறு விளையாட்டு என்று எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

முதல் ஆட்டத்தில் சுகந்தி பந்தை நன்றாகவே அடித்தாள். அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, முதல் மூலையில் கிடக்கும் சதுர மெத்தையை நோக்கி ஓட வேண்டும். இவளோ மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். மெத்தைக்கு இந்தப் பக்கமே நின்று, கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவது போல, மட்டையின் நுனியை நீட்டி மெத்தையில் அழகாக வைத்தாள். மட்டை வருகிற வேகத்தைப் பார்த்து அங்கே நின்ற எதிரணிப் பிள்ளை முதலில் ஒதுங்கிவிட்டு, பிறகு ஆறுதலாக வந்து பந்தைப் பிடித்து மெத்தையை மிதித்தாள். நடுவர் அவுட் என்றார். இவர் கதிரையிலிருந்து எழும்பி, மட்டை தொட்டுவிட்டதே என்று வாதாடப் போனார். பெரிய தொப்பி போட்ட அந்தக் கிழட்டு நடுவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, மட்டை வந்து சேர்ந்ததை நானும் பார்த்தேன். பிள்ளை இன்னும் வரவில்லை."

உப்பும் தூளும்

மற்றத் தாய்மார் ஒவ்வொருவரும் முறைக்கு ஒரேஞ்ச் என்கிற தோடம்பழம் வெட்டிக்கொண்டு வருவார்கள். ஆட்டத்தின் நடுவில் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு துண்டை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். என் முறை வந்தபோது, வெறும் பழத்தைக் கொடுப்பது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. ஊரில் அன்னாசியோ மாங்காயோ எதை வெட்டினாலும் என்ன செய்வோமோ அதையே செய்தேன். உப்பும், ஊரிலிருந்து பார்சலில் வந்த மிளகாய்த்தூளும் கலந்து, ஒரு துண்டையும் விடாமல் தாராளமாகத் தூவினேன்.

அடுத்த ஐந்து நிமிடம் மைதானத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி தண்ணீர்க் குழாயை நோக்கி ஓடினார்கள். ஒரு தாய், வைத்தியரைக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டாள். நான் தொலைந்தேன், இத்தோடு எங்கள் இருவரையும் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து டெபி திரும்பி வந்தாள். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற, அணியிலேயே பெரிய முரட்டுப் பிள்ளை. மூக்கால் வடிய, கண் சிவக்க, தட்டில் மிச்சமிருந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவர்களுக்கு வேண்டாமென்றால் எல்லாவற்றையும் நான் எடுக்கலாமா?"

ஒரு குரல்

பந்து உயரே எழும்பினால், பிடிக்கப் போகிறவள் "என்னுடையது" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் இரண்டு பேர் ஓடிவந்து மண்டையை மோதிக்கொள்வார்கள். சுகந்தி கத்தவில்லை. பெண்பிள்ளை உரத்துப் பேசக்கூடாது, பத்துப் பேருக்கு நடுவில் எதையும் தன்னுடையது என்று கேட்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள்தானே. இரண்டு தடவை டெபியோடு மோதி, ஒரு தடவை உதடு வெடித்து, வீங்கின வாயோடு வீட்டுக்கு வந்தாள். நான் பெரிலிடம், இவளால் முடியாது போலிருக்கிறது என்றேன். பெரிலோ பயிற்சி நாட்களில் அவளுக்கு மட்டும் உயரமான பந்துகளாக எறிந்துகொண்டிருந்தாள்.

யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகை முடிந்து சில கிழமைகளில், ஈ மொய்க்கும் ஒரு வெயில் நாளில், பந்து ஒன்று வானத்துக்கு எழும்பியது. நான்கு பேர் ஓடினார்கள். அப்போது மைதானத்தின் நடுவிலிருந்து "என்ர!" என்று ஒரு குரல். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். மற்ற மூவரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். பந்து சுகந்தியின் கையில் விழுந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளுடைய உண்மையான குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். தண்ணீர்க் கலனுக்குப் பின்னால் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும் என்று பெரிலிடம் பிறகு சொன்னபோது, அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எந்தப் பாஷையாவது இருக்கட்டும். பந்து பிடிபட்டதா இல்லையா?"

கறை

பிறகு எல்லாம் தலைகீழ். வீட்டுக்கு வந்தால் டெபி சொன்னது, பெரில் ஏசியது என்று ஒரே கதை. மெத்தையைத் தொடுவதற்காக நிலத்தில் சறுக்கவும் பழகிவிட்டாள். வெள்ளைக் காற்சட்டையில் செம்மண் ஏறினால் இலேசில் போகாது. ஒருநாள் குசினித் தொட்டியில் அதை உரஞ்சிக்கொண்டு, கொஞ்சம் பார்த்து விழக்கூடாதா என்று கேட்டேன். என் மகள் சொன்னாள்: "அம்மா, பார்த்து விழுந்தா அவுட்."

வியாழக்கிழமை

அரையிறுதி ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்த சுகந்தி பெரியபிள்ளை ஆகிவிட்டாள்.

ஒவ்வொரு மாதமும் இந்த மாதம் வேண்டாம், இந்த மாதம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் நான் கெஞ்சியது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். கிரவீனிலிருந்து பரிமளம் அன்ரி வந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் நல்லது கெட்டதுக்கு அவர்தான். நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தம்மாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் வார்த்துச் சடங்கு செய்யும்வரை பிள்ளை வாசல்படி தாண்டக்கூடாது, அதற்கும் நாள் பார்க்க வேண்டும், தோழிப் பிள்ளைகள் வேண்டும், தாய்மாமன் வேண்டும் என்று அடுக்கினார். என் தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்தான். சுகந்தி அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் "இல்லை" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் சோற்றுக் கோப்பையோடு கதவடியிலேயே குந்திவிட்டேன். பழையபடி ஆகிவிடுவாளோ என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சிக்குப் பிள்ளை வரவில்லை என்று எட்டுப் பேரும் பெரிலோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். காய்ச்சல் என்று நினைத்து ஆளுக்கொரு சொக்லேட் வேறு. பெரிலைக் குசினிக்குள் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். முற்றத்தில் எட்டுப் பிள்ளைகள், வரவேற்பறையில் இவர், நடுவில் பரிமளம் அன்ரி. அப்போது அறைக் கதவு திறந்தது. சுகந்தி நேரே தகப்பனிடம் வந்தாள். "அப்பா, நான் நாளைக்குப் போகவேணும். நான் போகாட்டி இவை எட்டுப் பேரும் விளையாடாமலே தோக்கவேணும். எனக்குக் காய்ச்சல் வருத்தம் ஒண்டுமில்லையே, ஏன் விடமாட்டியள்?" அவர் முகத்தை நேராகப் பார்த்து அவள் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

இவர் எழும்பிப் போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சனிக்கிழமை விடியப்புறம் நல்ல நேரம் இருக்கிறது, அப்போதே தண்ணீர் வார்த்துவிட்டால் ஆட்டத்துக்குப் போகலாம் என்றார். தோழிப் பிள்ளைகள் முற்றத்தில் நிற்கிறார்கள் என்றார். பரிமளம் அன்ரி முற்றத்தை எட்டிப் பார்த்து எட்டுப் பேரையும் எண்ணினார். பெரியபிள்ளை ஆகும் மட்டும் என்றல்லவா சொன்னீர்கள் என்று நான் மெதுவாகக் கேட்டேன். "சொன்னனான்தான். அப்ப இவள் என்னோட இப்பிடி நிண்டு கதைக்கிற பிள்ளை இல்லை."

தாய்மாமன்

மாமன் இடம் காலியாகவே இருந்தது. பெரிலின் புருஷன் கென் லொறி ஓட்டுபவர், ஆறடிக்கு மேலே வளர்ந்த மனிதர், என்னை எப்போதும் "சிஸ்டர்" என்று கூப்பிடுபவர். சிஸ்டர் என்றால் தம்பி முறைதானே என்று இவர் எஞ்சினியர் மூளையோடு தீர்த்து வைத்தார். விடிய முன்னமே கென் சவரம் செய்து, தலை வாரி, கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு பின்வளவில் வந்து நின்றார். பழக்கடையில் எத்தனை மாதம் கிடந்த தேங்காயோ, அவருடைய கைக்கே மூன்று அடிக்குப் பிறகுதான் உடைந்தது. எட்டுப் பிள்ளைகளும் அணிச் சீருடையில் தட்டம் ஏந்தி நின்றார்கள். டெபியின் தட்டத்தில் வாழைப்பழம் ஒன்று குறைந்திருந்தது.

தண்ணீர் வார்த்து முடிந்ததும், மாமன் என்பவர் மருமகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பரிமளம் அன்ரி தயங்கித் தயங்கி விளக்கினார். கென் லொறிக்குப் போய், பந்து பிடிக்கும் புத்தம்புதுத் தோல் கையுறை ஒன்றை எடுத்து வந்து சுகந்தியிடம் நீட்டினார். பெரில் முன்கூட்டியே எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பிறகு கென் கேட்டார்: "இனி இவள் பந்தைத் தவறவிட்டால் ஏசுகிற உரிமை எனக்கும் உண்டா?"

வீடு திரும்பல்

ஆட்டத்தில் தோற்றோம். கொஞ்சநஞ்சமில்லை, நன்றாகவே தோற்றோம். காதோரம் மஞ்சள் போகாத முகத்தோடு சுகந்தி மூன்று பந்து பிடித்தாள், இரண்டைத் தவறவிட்டாள், கென்னிடம் ஏச்சும் வாங்கினாள். எனக்கு எந்த முடிவும் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்பது பேர் மைதானத்தில் நின்றார்கள், அதில் என் பிள்ளையும் நின்றாள்.

வரும் வழியில் காரின் பின் ஆசனத்தில் அவள் வாய் மூடவேயில்லை. யார் எப்படி ஓடினார்கள், நடுவர் எங்கே பிழை விட்டார், அடுத்த வருஷம் டெபி பந்து வீசினால் என்ன நடக்கும் என்று தமிழும் ஆங்கிலமுமாக ஒரே மழை. இவர் இரண்டு சந்தி தாண்டும்வரை பொறுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "இஞ்சேரும், இவளை ஒருக்கா வாயை மூடச் சொல்லும். எனக்குக் கார் ஓட ஏலாமக் கிடக்கு."

ஆகவே, என்னோடு சேர்ந்து அவதிப்பட்ட மனேஜர்மாரே, ஒரு பிள்ளையைப் பெரியபிள்ளை ஆக்கிவைக்க ஒரு முற்றின தேங்காயும் ஒரு லொறிக்காரனும் போதும், ஒன்பது பிள்ளைகளை ஒன்பது மணிக்கு ஒரே மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தத்தான் முப்பத்துமுக்கோடி தேவரும் வேண்டியிருக்கிறது.