கச்சான் எழும்பினால் கரைக்கு

தேவனேரிக் குப்பத்து எல்லப்பனுக்கு அலையை உடைத்துக் கட்டுமரத்தைக் கரையேற்றுவது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கரையே தெரியாத கடலில் நாள்கணக்காக அவர் இருந்தது 2003இல் ஒரே ஒரு தடவைதான். யாரோ ஒரு முதலாளியின் பாய்மரப் படகைப் போர்ட் பிளேரில் கொண்டுபோய் விட, காசிமேட்டு ஏசுபாதம் அவரைத் துணைக்குக் கூப்பிட்டார். மகள் காயத்ரி நிறைமாதம். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று செங்கல்பட்டு டாக்டரம்மா சொன்னதை நம்பிக் கிளம்பிவிட்டார்.

வாடைக்காற்று இழுத்தவரை சுகம்தான். அந்தமானை நெருங்கின அன்று மத்தியானம் காற்று செத்தது. பாய் துவண்டு தொங்கியது. கிழக்கே நீலமாக மலை. 'அங்க போயிட்டா வூட்டுக்கு ஒரு போன் போட்டுரலாம்' என்று மனசு அடித்துக்கொண்டது.

திடீரென்று முதுகில் சூடாக ஒரு காற்று. திரும்பினால் மேற்கு வானம் கன்னங்கரேல். கச்சான், மேற்கிலிருந்து சீறி வரும் காற்று!

தேவனேரியில் கச்சான் எழும்பினால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். மரத்தை நடுக்கடலுக்குத் தள்ளிவிடும் என்று கரையைப் பார்த்து ஓடிவருவார்கள். எல்லப்பனின் கையும் கேட்கவில்லை. சுக்கானை மலைக்கு நேராகத் திருப்பியது. படகு பறந்தது.

ஏசுபாதம் உள்ளேயிருந்து தாவி வந்தார்.

“யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற?”

“கச்சான் கெளம்பிருச்சு அண்ணாத்த! கரைக்குப் போறேன்.”

“உங்க ஊர்ல கரை மேக்கால கீது. இங்க கிழக்கால! கச்சானே இட்டுக்கினு போயி பாறையில சாத்திரும். பேரப்புள்ளயப் பாக்கணுமா, வேணாமா?”

அப்போதுதான் எல்லப்பன் பார்த்தார். மலைக்கு முன்னால் வெள்ளைக் கோடு. மணல் இல்லை, பாறையில் உடைகிற அலை.

“தென்மேக்கால திருப்பு!”

கரைக்கு முதுகு காட்டி, வருகிற புயலுக்குள் போவதா? உடம்பே மறுத்தது. பல்லைக் கடித்துத் திருப்பினார். ஏசுபாதம் பாயைச் சுருக்கிக் கட்டினார். படகு ஒருக்களித்துப் படுத்தது. மழை மலையை மறைத்துவிட்டது, ஆனால் பாறையில் அலை மோதுகிற சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. சத்தம் கூடுகிறதா, குறைகிறதா? பொழுது சாயும்வரை இரண்டு பேரும் அதற்கே காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஏசுபாதம், “கேக்குதா?” என்றார்.

“இல்ல.”

மறுநாள் காற்று தணிந்த பிறகே திரும்பி, தீவைச் சுற்றிக்கொண்டு துறைமுகம் சேர்ந்தார்கள். ஈரக் கைலியோடு எல்லப்பன் எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். பக்கத்து வீட்டு போனில் மனைவி பார்வதம் வந்தாள்.

“பொட்டப்புள்ள பொறந்துகீதுய்யா! நேத்தே கரைக்கு வந்து போன் போடுறேன்னியே, எங்க பூட்ட?”

“நேத்து கரைக்கு வந்திருந்தா இப்ப பேசிக்கினு இருக்க மாட்டேன், பார்வதம்,” என்றார் எல்லப்பன். “புள்ள யாரு ஜாடை?”