என் மகள் அடம்பிடித்த கதை

திருப்பூரில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் மரியாதை உண்டு. நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டுச் சொந்தக்காரம்மா சரசக்கா, காலையில் கேட்டைத் திறந்ததும் என் நாலு வயது மகள் எஸ்தரைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா கண்ணு?” என்பார். முதல் நாள் எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷி நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். உடன்குடிப் பக்கம் எங்களுக்குப் பிள்ளை என்றால் “ஏட்டி, இங்க வா” தான். அன்பு கூடினால் இன்னொரு ஏட்டி. எஸ்தர் அந்த மரியாதைக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். “புள்ள இருக்கற எடமே தெரியிறதில்லீங்க. நீங்க குடுத்து வெச்சவங்க” என்று அக்கா மெச்சுவார். பிள்ளை இருக்கிறது என்றாலே வாடகைக்கு வீடு தர யோசிக்கிற ஊரில் இது பெரிய நற்சான்றிதழ். நானும் கொஞ்ச நாள் பூரித்துத்தான் போனேன்.

ஆனால் ஊரில் இவள் இப்படியா இருந்தாள்? கோழியை விரட்டிக்கொண்டு அடுத்த தெரு வரை ஓடுவாள். கருப்பட்டியைத் திருடித் தின்றுவிட்டு வாயைத் துடைக்காமலே இல்லையென்று சாதிப்பாள். இங்கே வந்து சில மாதங்களில் அவளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. ஐஸ் வாங்கிக் கொடுத்தால் கையிலேயே உருகி வழியும். விளையாடக் கூப்பிட்டால் “வேண்டாம்”. காரணமே இல்லாமல், “நான் கெட்ட பிள்ள” என்பாள். நாலு வயதுப் பிள்ளை! பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கும் என் வீட்டுக்காரர், “இதுக்கு என்னட்டி கவலை? தறியா ஓட்டுது?” என்று சிரித்தார். டானிக் கொடுத்தோம், ஜெபம் பண்ணினோம். இவருக்குத் தெரியாமல் சரசக்காவோடு போய் வேப்பிலை அடித்துக்கொண்டும் வந்தேன், கர்த்தர் மன்னிப்பார். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை டாக்டர் உடம்பைச் சோதித்துவிட்டு, இது மனச்சோர்வாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் வரும் என்று சொல்லி, அவிநாசி ரோட்டில் மனநலம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். என் வீட்டுக்காரர் சிரிப்பு அன்றோடு நின்றது.

அந்த அம்மா மாத்திரை எழுதவில்லை. “பாப்பாவுக்கு உங்க மூலமாத்தானுங்க வைத்தியம். உங்களுக்குத்தான் பயிற்சி” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “அப்ப எல்லாம் நான் செஞ்ச தப்பா?” என்று கேட்டேன். “தப்புன்னு யாருங்க சொன்னாங்க? காய்ச்சல் வந்தா யாரு தப்புன்னா கேப்போம்? உங்க கம்பெனி நேரம் போக பாப்பா நெறைய நேரம் இருக்கறது உங்ககிட்ட. அதனாலதானுங்க” என்றார் அமைதியாக. இந்த ஊர்க்காரர்களோடு சண்டை போடவும் முடியாது, அவ்வளவு மரியாதை.

பயிற்சி அவர் கிளினிக்கிலேயே. தரையில் பாய், பாயில் மரக்கட்டைகள், நானும் எஸ்தரும். டாக்டரம்மா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். செல்போன் அப்போதுதான் எங்கள் கைக்கு எட்டியிருந்தது. அவர் அங்கிருந்தே எங்களைப் பார்த்து எனக்குச் சொல்லிக்கொடுக்க என் வீட்டுக்காரர் செல்லுக்குப் போன் போடுவார். நான் அதைத் துண்டால் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பல்வலிக்காரி மாதிரி உட்கார்ந்திருப்பேன். கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. பிள்ளை என்ன செய்கிறாளோ அதை வாயால் சொல்லிக்கொண்டே கூடப் போக வேண்டும், நல்லதைக் கண்டால் பாராட்ட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் என் தொழில் செக்கிங். காலையிலிருந்து பனியனை விரித்து ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே என்று தேடித்தேடி ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். நல்ல பனியனை எங்கள் டேபிளில் யாரும் நின்று பார்ப்பதில்லை, அது பாட்டுக்குப் பேக்கிங் போய்விடும். வாயைத் திறந்தால் எனக்குக் குறைதான் வரும்.

“அது என்ன கலர்?” என்றேன். “கேள்வி வேண்டாங்க” என்றது காது. “நேரா அடுக்கு” என்றேன். “ஏவாதீங்க.” சரி, பாராட்டித் தொலைப்போம் என்று, “ஏட்டி, அழகா வைக்கியே!” என்றேன். “அதட்டாதீங்க!” எனக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணாடியைப் பார்த்து, “அதட்டல் இல்ல டாக்டர்! அது எங்க ஊர்ல கொஞ்சுறது!” என்று கத்தினேன். எஸ்தர் நிமிர்ந்தாள். காதில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மா கண்ணாடியோடு சண்டை போடுகிறாள். அவள் உதட்டோரம் லேசாக நெளிந்தது. “சிரிக்கறா பாருங்க!” என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது.

வீட்டிலும் தினம் அஞ்சு நிமிடம் இதையே செய்யச் சொன்னார். பொம்மை வாங்க வேண்டியதில்லை. கம்பெனியில் நூல் தீர்ந்து தூக்கிப் போடும் காலிக் கோன்களை இவர் பைநிறையக் கொண்டுவந்தார். ரேடியோவில் கிரிக்கெட் சொல்வது போல, “எஸ்தர் செவப்புக் கோன எடுத்துட்டா, பச்சைக்கு மேல வைக்கா, நின்னுட்டு!” என்று இவர் தரையில் படுத்துக்கொண்டு சொல்வதைக் கேட்டால் எனக்கு அடுப்பில் இருப்பது மறந்துபோகும். ஆனாலும் எஸ்தர் ஒரு நாள் விளையாடுவாள், மறுநாள் முழங்காலைக் கட்டிக்கொள்வாள். இது பலிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அப்படி ஒரு நாள் கிளினிக்கில் அவள் அடுக்கிய கட்டைகள் சரிந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் கெட்ட பிள்ள” என்றாள். வேறு கட்டலாம், விடு என்று சொல்ல என் வாய் துடித்தது. “மாத்திப் பேசாதீங்க. வருத்தத்தை வருத்தம்னே சொல்லுங்க. கூடவே இருங்க” என்றது காது. பிள்ளை வாடும்போது அதைப் போக்காமல் பக்கத்தில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். “ஆசையா கட்டுன. விழுந்துட்டு. ஒனக்கு வருத்தமா இருக்கு” என்றேன். எஸ்தர் என்னை உற்றுப் பார்த்தாள். முகம் கோணியது. பிறகு வாய்விட்டு, கட்டடமே அதிர அழுதாள். அவள் அப்படி அழுது மாதக்கணக்காகியிருந்தது. பாய்ந்து தூக்கியதில் துண்டு அவிழ்ந்து செல் எங்கோ உருண்டது. டாக்டரம்மா அதில் என்ன சொன்னாரோ, எனக்குத் தேவைப்படவில்லை. மடியில் கிடந்து அழுது தீர்த்துவிட்டு, என் சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளே ஒரு கட்டையை எடுத்து வைத்தாள்.

அதற்கப்புறமும் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறித்தான் வந்தன. ஆனால் நல்ல நாள் கூடிக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சரசக்கா வந்து, “ஏனுங்க, பாப்பா இப்பிடிச் சத்தம் போடறாளே, என்னாச்சுங்க?” என்றார். “ஆமாக்கா! நல்லாச் சத்தம் போடுதா!” என்றேன் பல்லெல்லாம் தெரிய. அக்கா பாவம், ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

அந்த வருடம் எங்கள் ஊர்க் கோயில் அசனத்துக்கு, அதுதான் சபை மொத்தமும் கூடி உண்ணும் விருந்துக்கு, எஸ்தரைக் கூட்டிப் போனேன். என் தங்கை ஜெயாவின் பிள்ளைகளோடு முதல் நாள் ஆட்டம் போட்டாள். இரண்டாம் நாள் பந்திக்கு ஊரே கூடியிருக்கும்போது, கோயில் முற்றத்து மணலில் தொப்பென்று உட்கார்ந்தாள். “எங்க ஊட்டுக்குப் போகோணும்! இப்பவே போகோணும்!” என்று காலை உதைத்துக் கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளை என்ன பாஷை பேசுகிறது என்று ஒரு சித்தி கேட்டார். “இதுவும் ஒன் வீடுதான மக்கா?” என்று ஜெயா குனிந்தாள். “இல்ல!” என்று மணலை அள்ளி எறிந்தாள் எஸ்தர். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நான் பிறந்த ஊர், ஞானஸ்நானம் வாங்கிய கோயில். இன்னும் ரெண்டு நாள் இருக்க மாட்டோமா என்று அன்று காலையில்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் உறைத்தது: என் பிள்ளை ஒன்றை வேண்டும் என்று கேட்கிறாள். எதுவுமே வேண்டாம் என்றிருந்தவள், ஊரைக் கூட்டி, உரிமையோடு கேட்கிறாள்.

“எதுக்குக்கா சிரிக்க? எல்லாரும் பாக்காவ. ரெண்டு போட்டு அடக்கு” என்றாள் ஜெயா.

“அடக்க மாட்டேன்” என்று நானும் மணலில் உட்கார்ந்தேன். அவளுக்கு அவள் ஊருக்குப் போக வேண்டும், எனக்கு என் ஊரில் இருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி அழவிட்டேன்.