ஆணியில் தொங்கிய மஞ்சள் பை

கரும்பலகைக்குப் பக்கத்தில், பெரியவர்களின் கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணி. அதில் ஒரு மஞ்சள் துணிப்பை. மகளின் ஒன்றாம் வகுப்பை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தப் பைதான். அதற்குள் என் கொழுந்தன் வளைகுடாவிலிருந்து வாங்கி வந்த ஊசிப் பேனா இருந்தது. எங்கள் பக்கத்தில் அண்டிப்பருப்பு என்று சொல்லும் முந்திரி ஒரு துணுக்கு உள்ளே போனாலும் மகளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். உடனே தொடையில் குத்த வேண்டிய மருந்து அது.

அதை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள் என்று நான் கேட்டேன். பாறசாலைக்குப் பக்கத்துச் சிறிய பள்ளி. பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் அம்மாக்கள் எல்லாரும் வாசலில் நின்று உள்ளே பார்ப்பார்கள். வகுப்பு டீச்சர் சம்மதிக்கவில்லை. "பூட்டுக்க சாவியத் தேடியோண்டு நிக்கவா? எல்லாரும் பாக்கட்டும் மக்கா. பாத்தாத்தான் எடுக்கத் தெரியும்" என்றார். உதியன்குளங்கரையிலிருந்து பஸ்ஸில் வரும் அவர், குடையை மடக்கி வைக்கும் முன்பே அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பார். நன்றி சொல்லவேண்டிய எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சம்தான் வந்தது.

எதைக் கேட்டாலும் "மன்னிக்கணும் டீச்சர்" என்றுதான் தொடங்குவேன். பிறந்தநாளுக்கு யாராவது லட்டு கொண்டுவந்தால், சுற்றுலா போனால், மன்னிக்கணும். மற்ற அம்மாக்களிடம் "அவளுக்கு அண்டிப்பருப்பு சேராது" என்று மட்டும் சொல்வேன். சேராது என்றால் நம் ஊரில் சொறியும் வாந்தியும்தான். உயிர் போகும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மகள் என் விரலைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

அந்த வருடம் பள்ளி ஓண விருந்துக்கு எங்கள் வகுப்பில் மட்டும் அண்டிப்பருப்பு இல்லாமல் பாயசம் வைக்கச் சொன்னார் டீச்சர். "ஒரு பிள்ளைக்கு வேண்டி நாம எல்லாரும் மொட்டைப் பாயசம் குடிக்கணுமாக்கும்!" என்று ஓர் அம்மா சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வகுப்பறைக்குள் போட்ட பந்தியில் நான் பப்படம் போட்டுக்கொண்டிருந்தேன். பாயசம் குறைந்துபோனது. ஓண இலையில் குறை வைப்பது எவ்வளவு பெரிய நாணக்கேடு! அதே அம்மா பக்கத்து வகுப்பிலிருந்து அரை வாளி வாங்கி வந்து எங்கள் வாளியில் ஊற்றினாராம். அதற்கு முன் அண்டிப்பருப்பை எல்லாம் அகப்பையால் பொறுக்கி எடுத்தாராம். என் பிள்ளையை நினைத்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார்.

அந்தப் பாயசத்தைக் குடித்த மகள் அழவில்லை, கூப்பிடவில்லை. பட்டுப் பாவாடையின் நுனியால் வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். டீச்சர்தான் கவனித்தார். பாவாடையை விலக்கினார். உதடு தடித்து, கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. ஒரே எட்டில் ஆணியிலிருந்து பை அவர் கைக்கு வந்தது. தொடையில் பேனாவை அழுத்திப் பிடித்தார், பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களைத் தூக்கி வைத்தார், "வண்டி கொண்டு வாங்கோ!" என்று கத்தினார். பப்படக் கூடை என் கையிலேயே இருந்தது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மூச்சு சீரான பிறகு கேட்டேன், "ஏன் மக்கா ஒண்ணும் சொல்லல்ல?"

"எல்லாரும் பாப்பினும்லா. உனக்கு நாணக்கேடு ஆவும்லா, அம்மா."

பக்கத்தில் நின்ற டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பாயச அம்மா வராந்தாவில் உட்கார்ந்து, "நான் எல்லாத்தையும் பொறுக்கி எடுத்தேனே" என்று அழுதுகொண்டிருந்தார். அவரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

டீச்சர் இப்போது காட்டாக்கடைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். மகளைப் புதிய பள்ளியில் சேர்த்திருக்கிறோம். முதல் நாள் புதிய டீச்சர் பையை வாங்கி, "அலமாரியில பத்திரமா வைக்கலாம்" என்று இதமாகச் சொன்னார். வாசலில் அம்மாக்கள் நின்றிருந்தார்கள். "மன்னிக்க…" என்று நாக்கு பழக்கத்தில் எழுந்தது. என் விரலைப் பிடித்திருந்த சின்னக் கை இறுகியது.

"அலமாரி வேண்டாம் டீச்சர். எல்லாரும் பாக்கிற இடத்தில ஒரு ஆணி வேணும். அண்டிப்பருப்பு உள்ள போனா இவளுக்கு உயிர் போகும்."

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காது இரண்டும் சுட்டன. மஞ்சள் பையைத் திரும்ப வாங்கி, ஆணி தேடிச் சுவரைப் பார்த்தேன். மகள் சுவரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.