மேடத்தின் காபி டம்ளர்

பெயரை மறைத்து எழுதுவதாக நினைத்துக்கொண்டு, சொந்த மூஞ்சியையே படம் பிடித்து இணையத்தில் ஏற்றிய புத்திசாலி நான். எடுத்தது என்னவோ காபி டம்ளரைத்தான். பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளர். அதன் வயிற்றில் பூசணிக்காய் போல வீங்கிய ஒரு முகம் தெரிந்ததை ஊரே பார்த்தது, என்னைத் தவிர.

அப்போது கணபதிப் பகுதியில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தேன். என் மேலதிகாரியை எல்லோரும் மேடம் என்போம். சாதாரண நாட்களில் என்னைக் 'கண்ணு' என்பார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, மரியாதை உயரும். 'வாங்க, உக்காருங்க' என்று ஆரம்பித்தாரானால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார வேண்டும். நேர்காணலுக்கு வந்த யாரிடமும் வேலை இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. "நம்மள நம்பி பஸ் ஏறி வந்தவங்கள மொகத்துக்கு நேரா இல்லைன்னு எப்படிக் கண்ணு அனுப்பறது?" என்பார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "சொல்லி அனுப்பறோமுங்க." சொல்லியும் அனுப்ப மாட்டோம். ஆனால் ஆளைப் பிடித்துவிட்டால் பேச்சு நீளும், கேன்டீன் அக்காவிடம் காபி கேட்பார். பிடிக்காதவருக்குத் தண்ணீரோடு சரி. இப்படி ஒரு பழக்கம் இருப்பது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. என் கெட்ட நேரம், எனக்கு ஒரு வலைப்பூவும் இருந்தது.

விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தை நாங்கள் திருப்புவதில்லை, பொழுதுபோக்கு என்ற இடத்தில் எழுதுவதெல்லாம் எங்கள் பொழுதுபோக்குக்குத்தான் என்றெல்லாம் அதில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். உண்மையை எழுத ஒருவனாவது வேண்டாமா என்று என் முதுகை நானே தட்டிக்கொண்ட காலம். 'காபி வந்தால் வேலை, தண்ணீர் வந்தால் பஸ்' என்று எழுதி டம்ளர் படத்தையும் போட்டேன். அடுத்த வாரம் முதல் வந்தவர்கள் மேடத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்தார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, "எனக்குக் காபி ஆகாதுங்க. டீயா இருந்தாலும் செல்லுங்களா?" என்றார். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான் குனிந்து பேனாவைத் தேடினேன்.

அப்புறம் அவிநாசியிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பதைத் தொட்ட குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அந்த வேலைக்குக் காலையிலேயே வேறு ஆள் முடிவாகியிருந்தது. வரச் சொன்னவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் மேடம் பேசிக்கொண்டிருந்தார். அந்நேரம் பார்த்துக் கேன்டீன் அக்கா எனக்கு வழக்கமான பதினொரு மணிக் காபியைக் கொண்டுவந்து வைத்தார். எதிரே ஒருவர் சும்மா இருக்க நாம் மட்டும் குடிப்பதாவது? என் கை தானாக டம்ளரை அவர் பக்கம் நகர்த்தியது. "எடுத்துக்குங்ணா." அவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. காபி சூடு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மைசூர்பாகு டப்பாவுடன் வந்து நின்றார். அவிநாசி போகும் பஸ்ஸிலேயே பழைய முதலாளியைக் கூப்பிட்டு வேலையை விட்டுப்போட்டாராம்.

"வேலை உண்டுன்னு யாருங்க சொன்னது?" என்றார் மேடம்.

"பிளாக்ல போட்டிருந்துதுங்க. காபி வந்துதுங்களே?" என்று கைபேசியை நீட்டினார்.

மேடம் படித்தார். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பிறகு என் பக்கம் திருப்பி, "ஏனுங்க, இந்தப் பூசணிக்கா யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார். முதன்முறையாக எனக்கு 'ங்க'.

"நீங்களே அவருகிட்டச் சொல்லீருங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு உண்மை எழுதியவனுக்கு, முகம் தெரிந்த ஒருவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஒருவழியாக, "வேலை இல்லீங்ணா. அந்தக் காபி என்னுதுங்க" என்றேன். அவர் திட்டவில்லை. "மூத்தவ இந்த வருசம்தானுங்க காலேஜ் சேர்ந்திருக்கறா" என்று டப்பாவைப் பார்த்துச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மேடம் அவருடைய பழைய முதலாளியின் எண்ணை வாங்கி எங்கள் முன்னாலேயே பேசினார். "தப்பு எங்க பக்கமுங்க, அவரு மேல இல்லீங்க" என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் புண்ணியவான், "கோவத்துல பேசறாருன்னு நெனச்சனுங்க, ஒடனே வரச் சொல்லுங்க" என்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. சரி, ஒரு துண்டு.

என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய தண்டனை கிடைத்தது. "நல்லா எழுத வருதுங்களே, நேர்ல சொல்லவும் பழகுங்க." அன்று முதல், வந்துபோன ஒவ்வொருவரையும் அன்று மாலையே கூப்பிட்டு உண்டா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். முதல் நாள் பதினொரு பேர். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், "இல்லைன்னு சொல்லக் கூப்பிட்ட மொத ஆளு நீங்கதானுங்க" என்று நன்றி சொன்னார். அதற்குப் பிறகு வலைப்பூவில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. அங்கிருந்த வரை மேடம் என்னை மறுபடி 'கண்ணு' என்று கூப்பிடவுமில்லை.

இப்போது அவர் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். நான் எதிலும் இல்லை. இரண்டு மாதமாக வேலை தேடுகிறேன். போன வாரம் கூசிக்கூசி அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் படித்தார். கதவு திறந்து, பளபளவென்று ஒரு டம்ளரில் காபி வந்தது. அதன் வயிற்றில் அதே பூசணிக்காய், இப்போது கொஞ்சம் நரையோடு. எனக்கு வாயெல்லாம் பல்.

"அப்ப வேலை உண்டுங்களா மேடம்?"

"இல்ல கண்ணு, குடிச்சுப்போட்டுக் கெளம்பு."