நீல மூடி டப்பா

செல்லிக்கு இருமல் சத்தம் ஆகாது. விடுதியில் எந்தப் பிள்ளை இருமினாலும் உடனே சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிடுவாள். இப்படி ஒரு சமையல்காரி எங்கே கிடைப்பாள் என்று வாத்தியார்கள் மெச்சிக்கொண்டார்கள். மெச்சட்டும். அவளுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சுக்குத் தண்ணீரில் பாதி பிள்ளைக்கு, பாதி அவளுக்கு. பொழுது சாயும் நேரத்தில் யாராவது இருமினால் அவளுக்குக் கை ஓடாது. கொட்டாய் ஓரம் நின்று இருமிய ஒரு மனுசன் மறுபடியும் வந்து நிற்கிறான் என்றே தோன்றும்.

அந்த மனுசன் அவள் புருஷன் சிங்காரம்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், மேஸ்திரி ஒருவன் ஜீப்போடு மலைமேல் அவர்கள் ஊரான நெல்லிவாசல்நாட்டுக்கு வந்தான். ஈரோட்டுப் பக்கம் கட்டட வேலை என்றான். ஜீப் போனதோ ஆந்திரக் காட்டுக்கு. செம்மரம் வெட்டத்தான் கூட்டிப் போகிறான் என்று ஏறியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்; மீதிப் பேர் தெரியாத மாதிரி ஏறினார்கள். சிங்காரம் எந்தப் பாதி என்று செல்லி கேட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாதம் தகவலே இல்லை. ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் மலையேறி வந்து, அவன் பேரைச் சொல்லி விசாரித்துவிட்டு, வந்தால் தகவல் சொல்லணும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை அவனே வந்தான்.

விளக்கு வைக்கிற நேரம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஏழு வயது நதியா காய்ச்சலோடு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் இருமல் கேட்டுச் செல்லி வெளியே போனாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாப்பா தூங்கிடுச்சா என்று கேட்டான். தூங்கிவிட்டாள் என்றாள். ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவன் ஓர் அடி எடுத்து வைக்க, செல்லி மறித்துக்கொண்டாள்.

"உள்ள வராத. போ. நான் ஆள் வுட்டு சொல்லி அனுப்புறேன், அப்ப வா."

கைக்குக் கிடைத்தது நதியாவின் பள்ளிக்கூட டப்பா, நீல மூடி போட்டது. அதில் கேழ்வரகுக் களியைத் திணித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனான். இருமல் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஆளை எந்த ஊருக்கு அனுப்புவது என்று கேட்கவே இல்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அதோடு அவன் வரவும் இல்லை, அவனைப் பற்றித் தகவலும் இல்லை.

காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிய நதியா டப்பாவைத் தேடினாள். அப்பா வந்தது தெரிந்தால் பிள்ளை வாய் தவறி எங்கேயாவது சொல்லிவிடும் என்று செல்லிக்கு உதறல். நீதானே தொலைத்தாய் என்று சொல்லி முதுகில் இரண்டு வைத்தாள். பிள்ளை அழவில்லை. இல்லை நான் தொலைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அது அன்றைக்கே செல்லிக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் நோண்டிக் கேட்கிற நிலையில் அவளா இருந்தாள்?

அடுத்த வருடமே வீட்டைப் பூட்டிவிட்டு உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, மகளோடு விடுதியிலேயே தங்கிவிட்டாள். கொட்டாயை விட்டு வந்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தாள். இருமல் மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் சமையல்கட்டுக்குப் பின்னால் நின்று யாரோ மெதுவாக இருமுவார்கள். போய்ப் பார்த்தால் விறகு அடுக்கு இருக்கும், ஆள் இருக்காது. யாரிடமும் சொன்னதில்லை. ஜூன் மாதம் பிறந்தால் விடுதிப் படிவம் வரும். தகப்பன் என்ற கட்டத்தில் 'வெளியூர் வேலை' என்று எழுதிக் கொடுப்பாள். ஒவ்வொரு வருடமும் கையெழுத்து மட்டும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வந்தது.

இந்த வருடம் ஆஸ்மா டீச்சர் ஒரு நாவலோடு வந்தார். வாணியம்பாடிக்காரர், திருப்பத்தூர் வந்து பஸ் பிடித்து மலையேறி வருபவர். நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே நாவலைப் படித்துவிட்டு ஆன்லைனில் கூடிப் பேசப்போகிறார்கள். இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம் முகாமில் வாழ்ந்த கதை. சென்னைப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு பிரதியாம். இங்கே முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்று வந்தது. தமிழ் வாத்தியார் இடம் இரண்டு வருடமாகக் காலி. யார் சத்தமாகப் படித்துக் காட்டுவது என்ற பேச்சு வந்தபோது, பத்தாவது வரை படித்த செல்லி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். சாயங்கால நேரமாக இருந்தால் படிக்கிறேன் என்றாள். எல்லோருக்கும் ஆச்சரியம். காரணம் ஒன்றும் பெரிதில்லை. அந்த நேரத்தில் தன் குரல் உரக்க ஓடிக்கொண்டிருந்தால் பின்பக்கத்துச் சத்தம் காதில் விழாது.

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மொச்சை உரிக்க, செல்லி படித்தாள். நன்றாகவே படித்தாள். பாத்திரம் ஏந்தித் தண்ணீர் லாரிக்கு நிற்கும் இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள், தார்ப்பாய்க் கூரை பறக்கும் இடத்தில் மொச்சையை மறந்தார்கள். மறுநாள் குழம்பில் தோலோடு மொச்சை கிடந்ததென்று வார்டன் முணுமுணுத்தார். கதையில் அப்பா தன் தம்பியைத் தேடிக் கள்ளத் தோணியில் திரும்பிப் போகிறார். மாதா மாதம் அதிகாரி முகாமுக்கு வந்து பேர் கூப்பிடுவார். அப்பா பேர் வந்தால், வேலைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்வாள். செல்லி அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நதியா பக்கம் பார்க்காமல் படித்தாள்.

கடைசி அத்தியாயத்தை அவள் காலையிலேயே, சோறு வேகும் நேரத்தில், தனியாகப் படித்துவிட்டாள். அதில் அதிகாரி அப்பா பேரைக் கூப்பிடுகிறார். அம்மா எழுந்து நின்று, அந்தப் பேரை எடுத்துவிடுங்கள் என்கிறாள். அவ்வளவுதான் கதை. செல்லி புத்தகத்தை மூடி அரிசி டப்பாமேல் வைத்தாள்.

சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. இது சத்தியம். கண் ஒரு வரியைப் பார்த்தது, வாய் வேறொன்றைச் சொன்னது. விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா வந்தார், தலையில் சாக்குப் போட்டிருந்தார், குடிசை ஓரம் நின்று இருமினார் என்று படித்தாள். பிள்ளை தூங்கிவிட்டதா என்று கேட்டார். அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், பிள்ளையை எழுப்பி, நீல மூடி டப்பாவில் களி போட்டுக் கொடுத்தாள். அவர் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத் தான் சாப்பிட்டார். முற்றும் என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நதியா மொச்சைத் தோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புத்தகத்தைச் செல்லி சாமை மூட்டைக்கு அடியில் செருகிவிட்டாள். ஆன்லைன் நாள் நெருங்க, கடைசி அத்தியாயத்தைப் பற்றிப் பேசப்போவது நதியா என்று ஆஸ்மா டீச்சர் அறிவித்தார். செல்லிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பொய் வெளியே வந்தால் மகள் ஏன் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் எல்லாம் வந்துவிடும். பெற்ற தகப்பனைப் போ என்று விரட்டியவள் நீதானா என்று அந்தப் பிள்ளை பார்க்கிற பார்வையை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. புத்தகத்தைக் காணோம், எலிக்குப் பயந்து எங்கேயோ வைத்தேன் என்று டீச்சரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"புத்தகம் வாணாம் டீச்சர்," என்றாள் நதியா. "எனக்கு ஞாபகம் இருக்குது."

சனிக்கிழமை காலை. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் சாப்பாட்டுக் கூடத்தின் மூலை என்பதால் அங்கேயே ஓர் அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தார்கள். சென்னைப் பிள்ளைகள் பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசினார்கள். நடுவே படம் இரண்டு தடவை நின்றது. ஒரு பையன் வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு நதியா முறை வந்தது. செல்லி சுண்டல் தட்டோடு வாசலில் நின்றாள்.

நதியா தடுமாறவில்லை. தூறல், சாக்கு, இருமல், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனது, பிள்ளையை எழுப்பியது, நீல மூடி டப்பா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சென்னைப் பிள்ளைகள் அவசரமாகப் பக்கம் புரட்டினார்கள். திரையின் கடைசிச் சதுரத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் இருந்தாள். நிஜமாகவே ஒரு முகாமில் பிறந்து, அதை ஒட்டிய பள்ளியில் படிப்பவள். அவள்தான் பேசினாள்.

"எங்கட புத்தகத்தில அப்பா வரேல்லையே."

அவளுடைய ஆசிரியர் சொல்ல, அவள் கடைசிப் பக்கத்தை வாசித்தாள். அந்தப் பேரை எடுத்துவிடுங்கள் என்பது வரை வாசித்தாள். ஆஸ்மா டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. திரும்பிச் செல்லியைப் பார்த்தார். செல்லி கையில் இருந்த தட்டு சாய்ந்து சுண்டல் தரையில் சிந்தியது. இப்போது மகள் திரும்புவாள், கேட்பாள் என்று நின்றாள்.

நதியா திரும்பவில்லை. எங்களுக்கு வந்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது என்றாள், கண் இமைக்காமல். அப்போது அந்த இரட்டைச் சடை, உங்கட முடிவை இன்னொருக்காச் சொல்லுவீங்களா என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. கேட்கிறபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

நதியா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். தூறல் அதேதான், சாக்கு அதேதான். பிள்ளை தூங்கிவிட்டதா என்று அப்பா கேட்டதும் அதேதான். ஆனால் இந்த முறை அம்மா பிள்ளையை எழுப்பவில்லை. எழுப்ப வேண்டியிருக்கவில்லை. பிள்ளை தூங்கவே இல்லை, கம்பளிக்குள் முழித்துக்கொண்டுதான் கிடந்தது, அப்பா குரல் கேட்டதும் அப்பா என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடியது என்றாள்.

மீதி எதுவும் செல்லி காதில் விழவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நதியா சமையல்கட்டுக்கு வந்து, அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள். செல்லி எதிரில் உட்கார்ந்தாள்.

"முழிச்சிட்டா இருந்த?"

"இருமல் கேட்டுத்தான் முழிச்சேன். தூங்கிட்டான்னு நீ சொன்ன. சரின்னு கண்ண மூடிக்கினேன்." அண்டாவைத் திருப்பி வைத்துத் தேய்த்தாள். "நீ போன்னு சொன்னதும் கேட்டுச்சு. டப்பாவ எடுத்ததும் தெரியும்."

"அப்ப ஏன்டி அடி வாங்கின? சொல்லியிருக்கலாம் இல்ல?"

நதியாவின் கை நின்றது. "நானும்தானே கூப்பிடல," என்றாள். "ஒரு தடவ அப்பான்னு கூப்பிட்டிருந்தா உள்ள வந்திருப்பாரு. கூப்பிடல. அதுக்குத்தான் நீ அடிக்கிறன்னு நெனச்சேன்."

ஏழு வருடமாக எந்தப் பிள்ளையிடம் எதை மறைத்தாளோ, அந்தப் பிள்ளை அதைத் தன் குற்றமாகச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே படுத்திருக்கிறது. செல்லிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சாம்பல் ஒட்டிய மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து போய் சாமை மூட்டையைத் தள்ளி, புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் நதியா படித்தாள், பிள்ளைகள் உரித்தார்கள். டீச்சருக்கு வாக்குக் கொடுத்தபடி கடைசி அத்தியாயத்தை உள்ளது உள்ளபடி படித்துக்கொண்டு வந்தாள். அதிகாரி பேர் கூப்பிடுகிற இடம் வந்தது. அப்போது பின்பக்கம், விறகு அடுக்குக்கு அந்தாண்ட, யாரோ மெதுவாக இருமினார்கள். செல்லி பழக்கப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் தவிர யாருக்கும் கேட்காத சத்தம்தானே என்று தலையைக் குனிந்தாள். படிக்கிற குரல் நின்றுபோனது தெரிந்து நிமிர்ந்தாள்.

நதியா விரலைப் புத்தகத்தில் வைத்தபடி பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.