ராகுகாலத்து ரயிலும் மூன்று நாள் பாஸும்

ஐரோப்பா முழுவதையும் ரயிலில் சுற்றி வந்தவன் நான்.

பொய். ஜெர்மனியில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனேன், அவ்வளவுதான். அதுவும் நின்றுகொண்டே. ஆனால் செங்கம் ரோட்டு ஆட்டோ ஸ்டாண்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது நாலைந்து நாடுகள் தாமாகவே சேர்ந்துவிடும். அஞ்சாம் வகுப்பை இரண்டு முறை படித்தவனுக்கு அந்த அளவுக்காவது பூகோளம் தெரிய வேண்டாமா?

என் பெண் அங்கே வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு அவள் வீட்டிலேயே வளைகாப்பு என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். முதல் வளையலை அம்மாதான் போட வேண்டும். அந்த வளையல்களை ராஜகோபுரத்துக்கு எதிரே இருக்கும் கடையில் வாங்கி, வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் கட்டியாயிற்று. விமானம் அன்று காலை ஏழு மணிக்கு இறங்கும். அங்கிருந்து பெண்ணின் ஊர் நாலு மணி நேர ரயில். நாங்கள் போய்ச் சேராவிட்டால் வளைகாப்பில் வளையல் இருக்காது.

பெண் போனில் கேட்டாள்.

"ப்பா, சீப் டிக்கெட்னா அந்த ஒரு வண்டியிலதான் ஏறணும். விட்டா போச்சு. பாஸ்னா எந்த வண்டியிலயும் ஏறலாம், ஆனா மூணு நாளைக்குச் சேத்துதான் தருவான், வில ஜாஸ்தி. எது போடட்டும்?"

ஜெர்மன் ரயிலைப் பற்றிக் கேட்க எனக்கு ஆள் இருந்தது. பல வருடங்களாகக் குளிர்காலம் முழுக்க ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் ஜெர்மன்காரம்மா என் ஆட்டோவில்தான் போவார். நம்ம தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவார்.

"தம்பி, நீ போறது ஒரு தடவ. அதுக்கு மூணு நாள் பாஸா? ஒரு இட்லி துன்ன அண்டா வாங்குவியா? பேசாம சீப் டிக்கெட் போடச் சொல்லு. ஒம்போதே காலுக்கு ஒரு வண்டி இருக்கு."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தாள்.

"சனிக்கிழம ஒம்போதுலருந்து பத்தர ராகுகாலம்யா. மாசமா இருக்கற பொண்ணுக்கு வளையல் எடுத்துனு ராகுகாலத்துலயா வண்டி ஏறுவ?"

"ஒன்னே முக்காலுக்கு இன்னொரு சீப்பு இருக்காம்."

"அது எமகண்டம். அஞ்சு மணிக்குப் போயும் சேராது."

ஆட்டோவில் வந்துகொண்டிருந்த ஜெர்மன்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் என் வீட்டு வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

"ஏம்மா, ராகு இந்தியா நேரம் பாப்பாரா, ஜெர்மனி நேரம் பாப்பாரா?"

"எந்த ஊருக்குப் போறாரோ அந்த ஊரு கடியாரம் பாப்பாரு. உங்களாட்டம் டிக்கெட் வில பாக்க மாட்டாரு," என்றாள் என் வீட்டுக்காரி.

ஜெர்மன்காரம்மா சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். "உனக்குப் பாஸ்தான் தம்பி. தப்பிக்க முடியாது."

பாஸ் போட்டாயிற்று. பத்து முப்பத்தொன்றுக்கு ஒரு வண்டி இருப்பதாக மாப்பிள்ளை எழுதி அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கே வண்டி பிளாட்பாரத்தில் வந்து நின்றது. கண்ணாடி மாதிரி சுத்தம். உள்ளே காலி இருக்கைகள் எங்களைப் பார்த்துக் கூப்பிட்டன.

"ஏறி உக்காருமே," என்றேன்.

"உக்காந்தா கெளம்புனதாதான் அர்த்தம். பத்தர தாண்டட்டும்."

வாசலுக்கு நேராக நின்றோம். பிளாட்பாரக் கடிகாரத்தில் பத்து இருபத்தெட்டு. பத்து இருபத்தொன்பது. எனக்குக் கவலையே இல்லை. நம்ம ஊரில் வண்டி நகர்ந்த பிறகு ஓடிப்போய் ஏறினால்தான் ஆம்பளை என்று வளர்ந்தவன் நான். முள் பத்தரையைத் தொட்டது.

"இப்ப ஏறு!" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. அந்த ஊர் வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே கதவை மூடிவிடும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பிடித்துத் தொங்க ஒரு கம்பி இருக்குமா என்று தேடினேன். வண்டி முழுக்கச் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலோடு கூடவே நாலு அடி ஓடினேன். உள்ளே இருந்த ஒரு பாட்டி எனக்கு டாட்டா காட்டினார்.

வீட்டுக்காரி முகம் வாடிப்போயிற்று. "அஞ்சு மணிக்குள்ள போயிடுவமாய்யா? வளையல் இல்லாம புள்ள உக்காந்துனு இருப்பாளே."

பாஸை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். சீப் டிக்கெட்டாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். "எந்த வண்டியிலயும் ஏறலாம்மே! ஒரு மணி நேரத்துல அடுத்தது!" என்று நான் கத்திய கத்தலில் பிளாட்பாரமே திரும்பியது. பாஸ் வாங்கியது என் புத்திசாலித்தனம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வண்டியில் உட்கார இடமில்லை. கழுத்து வரை பச்சை குத்திய ஒரு ஆள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. பெட்டியை உட்கார வைத்தேன். நாலு மணி நேரம் வளையல்கள் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தன. நான் பக்கத்தில் வாட்ச்மேன் மாதிரி நின்றேன். வழியில் வீட்டுக்காரிக்கு ஒரு இடம் கிடைத்தது. அவள் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள்.

மூன்றரைக்கு இறங்கினோம். பெண் பெரிய வயிற்றோடு பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "ப்பா, ஒண்ணும் உடையலையே?" என்றாள். அங்கேயே பெட்டியைப் பிரித்து ஆட்டிக் காட்டினேன். கலகலவென்று சத்தம். ஒன்றுகூட உடையவில்லை. ஐந்து மணிக்கு அவள் அம்மா முதல் வளையலைப் போட்டாள். அப்போது நான் அழவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்ததா? பாஸில் இன்னும் இரண்டு நாள் பாக்கி. விடுவேனா? மறுநாள் காலை, நல்ல நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனேன். முதலில் வந்த வண்டியில் ஏறினேன். எந்த ஊருக்குப் போகிறது என்று படிக்கத் தெரியாது. டிக்கெட் பரிசோதகர் வந்து பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்று கையால் கேட்டார். நான் மலை சுற்றுகிற மாதிரி விரலால் ஒரு வட்டம் போட்டேன். அதற்கு அவர்...

"யோவ்! எழுதுனது போதும், வா! பொண்ணு லைன்ல இருக்கா, கொழந்த உன்ன தேடுது. இந்த வாட்டி டிக்கெட்டா பாஸான்னு கேக்குறா. அந்தக் காலண்டர எடுத்துனு வா!"