கண்ணாடிக்காரர் டயர் வாங்கப் போனார்

கண் பரிசோதனை அறையில் அவர் யாரையும் தயங்க விடமாட்டார். வந்தவரை இருட்டில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை மறைத்துவிட்டு வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுவார். "இது தெளிவா, அது தெளிவா?" யாராவது "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு சார்" என்று இழுத்தால், "அப்போ முடிஞ்சுது. வித்தியாசம் தெரியலைன்னா தேட ஒண்ணுமில்ல" என்று விளக்கைப் போட்டுவிடுவார்.

கடைக்கு வெளியே அவர் வேறு ஆள். குடை தேர்ந்தெடுக்கப் போய் ஒரு மழைக்காலத்தையே கோட்டைவிட்டவர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. தவறே செய்யாமல் வாழ்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை அது. அப்படி வாழ்ந்து முடித்தவர்கள் இருக்கக்கூடும். எதையும் செய்யாமல் இருந்திருப்பார்கள்.

அவருடைய காரின் டயர்கள் அவர் தலையைப் போலவே வழுக்கையாகியிருந்தன. மகள் நிறைமாதம். மருமகன் கப்பலில் வேலை செய்பவர், எங்கோ நடுக்கடலில் இருந்தார். மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அப்பாவின் பொறுப்பு. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமையும் அதுதான். ஒரு மழைநாளில் சிக்னலில் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகிலிருந்த விளம்பரத்தில் பொடி எழுத்துகூடத் தெரிகிற தூரத்தில்தான் நின்றது.

பக்கத்து இருக்கையில் மகள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். "டயர் மாத்துற வரைக்கும் நான் இந்த வண்டில ஏற மாட்டேம்பா. வலி வந்தா டாக்ஸிதான்."

"பார்க்கலாம்மா."

"பாருங்க. பார்த்துக்கிட்டே இருங்க."

டாக்ஸி என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே ஆராய்ச்சி தொடங்கியது. விலை மலிவான டயரில் ஏதோ சூது இருக்க வேண்டும். விலை கூடியதில் பேருக்குத்தான் காசு. நடுவில் இருந்தவற்றில் ஒன்று நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். இன்னொன்று ஈரத்தில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றை மெச்சினார். அதனாலேயே அது கழிந்தது. ஊரிலுள்ள டயர் கடைகளுக்கெல்லாம் காரிலேயே போய்வந்தார். டயரில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சமும் இந்த ஆராய்ச்சியில் தேய்ந்தது.

ஒரு கடையில் டயரை முகர்ந்து பார்த்தார். "மோந்து பாக்க இது என்ன முலாம்பழமா சார்?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் அதே கடையில் இரண்டு மிஞ்சின. அங்கேயே சிக்கிக்கொண்டார். இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் நின்றிருந்தபோது, ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த மகள் அவரைப் பார்த்துவிட்டு டாக்ஸியை நிறுத்தி இறங்கினாள்.

"இன்னுமாப்பா?"

"இது மழையில நல்லாப் பிடிக்குமாம்."

"அது?"

"அதுவும் பிடிக்குமாம்."

"விலை?"

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதாம்மா பயமா இருக்கு."

"நம்ம வண்டி எங்கெங்க போகும்?"

"கடை, வீடு, ஒன் வீடு, ஆஸ்பத்திரி."

மகள் அவரை டயர்களுக்கு எதிரே நேராக நிறுத்தி, தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணை மூடினாள். சிறுமியாக அந்த இருட்டறை நாற்காலியில் அவள் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறாள்.

"இது தெளிவா, அது தெளிவா?"

கடைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். அப்பா ஒற்றைக் கண்ணால் டயர்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தன்னிடம் வருகிறவர்களின் அதே இழுவையில் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"அப்போ முடிஞ்சுது." அவள் கையை எடுத்தாள். "அண்ணே, உங்க கைக்கு எது கிட்ட இருக்கோ அதை மாட்டுங்க."

நாலாவது சக்கரமும் முறுக்கி முடிந்த பிறகுதான் அவள் டாக்ஸியை அனுப்பினாள். முன் இருக்கையில் மெல்ல ஏறி உட்கார்ந்தாள். அவர் சாவியைத் திருகப் போனவர் நிறுத்தினார்.

"ஸ்டெப்னியும் மொட்டைதாம்மா. அதுக்கு அந்த இன்னொரு டயரை..."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.